‘ஏதோ தவறு நிகழ்ந்துள்ளது’

கணினியோ கைத்தொலைபேசியோ பாவிக்கும் எவரும் இந்த வாக்கியத்தை ஒரு தடவையாவது பார்த்திருப்பர். ஒரு படிவத்தை அரைமணி நேரமாக நிரப்பி, கடைசிப் பொத்தானை அழுத்தியதும் திரையின் நடுவே ஒரு சிறிய பெட்டி தோன்றும். ‘ஏதோ தவறு நிகழ்ந்துள்ளது. பின்னர் முயற்சிக்கவும்.’ என்ன தவறு? யாருடைய தவறு? பின்னர் என்றால் எப்போது? இவ்வளவு நேரமும் நிரப்பியவை இருக்கின்றனவா, போய்விட்டனவா? ஒன்றுக்கும் அதில் விடையில்லை. கீழே ‘சரி’ என்றொரு பொத்தான் மட்டும் இருக்கும். ஒன்றுமே சரியில்லாத நேரத்தில் நம்மைச் ‘சரி’ என்று சொல்லவைக்கும் அந்தப் பொத்தான்மீது எனக்கு நெடுநாளாகவே ஒரு மனத்தாங்கல் உண்டு.

இத்தகைய அறிவித்தலை நாம் பாடத்தில் வழுச்செய்தி என்று படிக்கின்றோம். பாடப்புத்தகத்தில் அது சில வரிகளுடன் முடிந்துவிடும். ஆனால் நம் வீடுகளில் அது அவ்வளவு சிறிய விடயமன்று. முன்பு ஒரு விண்ணப்பத்தைக் கருமபீடத்தில் நீட்டினால், அங்கிருக்கும் உத்தியோகத்தர் புரட்டிப் பார்த்து, “இந்த இடத்தில கையொப்பம் இல்ல, வெச்சுட்டு வாங்க” என்பார். அவர் முகத்தைச் சுளித்தாலும் என்ன குறை என்பது விளங்கிவிடும். இன்று வங்கி, பரீட்சை விண்ணப்பம், மின்கட்டணம், வைத்தியரின் நேரஒதுக்கீடு என்று பலவும் திரைக்கு வந்துவிட்டன. அந்த உத்தியோகத்தர் சொன்ன ஒற்றை வாக்கியத்தின் வேலையை இப்போது வழுச்செய்திதான் செய்ய வேண்டியிருக்கின்றது. அது சரியாகப் பேசாவிட்டால் விண்ணப்பத் திகதி முடிந்துபோகும். கட்டிய பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் ஓர் இரவு முழுக்கத் தூக்கம் கெடும்.

பிள்ளைகளாகிய நாம் பெரும்பாலும் இன்னொரு தடவை அழுத்திப் பார்ப்போம். நம் தாய்மாரோ வேறுவிதம். “என்னத்தயோ சிவப்பால எழுதிக் காட்டுது மகள், நான்தான் எங்கயோ பிழையா தட்டிட்டன் போல” என்று தொலைபேசியை நம் கையில் தந்துவிடுவார்கள். வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் அவர்கள் ஒரு பிழையும் செய்திருக்க மாட்டார்கள். தொலைபேசி இலக்கத்தின் நடுவே ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். மனிதர் படிப்பதற்கு வசதியாக இடைவெளி விட்டு எழுதுவது நல்ல பழக்கம். அந்த இடைவெளியை நீக்கிவிட்டு எடுத்துக்கொள்வது நிரலுக்கு ஒரே வரி வேலை. அந்த ஒரு வரியை எழுதாத சோம்பல் வேறொருவருடையது. வெட்கப்படுவது நம் தாய்மார்.

இந்தச் சுபாவம் கணினிக்குப் புதிதன்று. யுனிக்ஸ் இயங்குதளத்தில் ‘எட்’ என்றொரு பழைய எழுத்துத் திருத்தி உண்டு. நாம் எந்தப் பிழை விட்டாலும் அது தருகின்ற பதில் ஒரேயொரு கேள்விக்குறி. அவ்வளவே. பின்னர் வந்த டொஸ் இயங்குதளத்தில் நெகிழ்வட்டை வாசிக்கப்படாவிட்டால் ‘கைவிடவா, மீண்டும் முயலவா, தோல்வியா?’ என்ற பொருளில் மூன்று சொற்கள் வரும். மூன்றுக்குமிடையே என்ன வேறுபாடு என்பதை அறிந்தவர் சிலரே. விண்டோஸ் 95 காலத்தில் ஒரு மென்பொருள் பழுதானால், இந்த நிரல் ‘சட்டவிரோதமான செயலைச்’ செய்துவிட்டது, ஆகவே மூடப்படும் என்று திரை அறிவிக்கும். செயலியின் விதிக்கு முரணான ஓர் அறிவுறுத்தல் என்பதே அங்கு கருதப்பட்டது. வீட்டில் கடிதம் தட்டச்சுச் செய்துகொண்டிருந்த ஒருவருக்குச் ‘சட்டவிரோதம்’ என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. நிரலை எழுதுபவர் தனக்காகக் குறித்து வைத்துக்கொள்ளும் குறிப்பு, அப்படியே பாவனையாளரின் முகத்துக்கு நேரே வந்து நிற்பதுதான் இவற்றின் பொதுக்குறை.

இதெல்லாம் எரிச்சலூட்டும் விடயங்கள்தானே, உயிரா போகப்போகிறது என்று கேட்கலாம். போயிருக்கின்றது.

1980களில் கனடாவின் அணுசக்தி நிறுவனம் ஒன்று ‘தெராக்-25’ என்னும் இயந்திரத்தைத் தயாரித்தது. புற்றுநோயாளருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிப்பது அதன் வேலை. முந்திய மாதிரிகளில் அளவு மீறினால் தடுப்பதற்கு வன்பொருளிலேயே பூட்டுகள் இருந்தன. தெராக்-25இல் அவற்றுட் பல நீக்கப்பட்டு, பாதுகாப்பு மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளர் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாகினர். அவர்களுட் குறைந்தது மூவர் அதனால் உயிரிழந்தனர்.

1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நிகழ்ந்ததை மட்டும் சொல்கிறேன். இயந்திரத்தை இயக்கிய பெண் அனுபவசாலி; வேகமாகத் தட்டச்சுச் செய்பவர். எலக்ட்ரோன் கற்றைக்குரிய ‘ஈ’ எழுத்துக்குப் பதிலாக எக்ஸ் கதிருக்குரிய எழுத்தை இட்டுவிட்டு, உடனே மேலே சென்று திருத்தினார். திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஆனால் அவர் சில விநாடிகளுக்குள் திருத்தி முடித்ததை மென்பொருளின் ஒரு பகுதி கவனிக்கவில்லை. இயந்திரத்தின் ஒரு பாகம் பழைய கட்டளைப்படியும் மற்றப் பாகம் புதிய கட்டளைப்படியும் நின்றன. கற்றை பாய்ந்ததும் இயந்திரம் நின்று, திரையில் ஒரு வரி தோன்றியது: ‘செயலிழப்பு 54’.

54 என்றால் என்ன? இயக்குநரின் கைந்நூலில் அதற்கு விளக்கமில்லை. வேறோர் ஆவணத்தில் இருந்த விளக்கம், கொடுக்கப்பட்ட அளவு மிகக் கூடியது அல்லது மிகக் குறைந்தது என்ற பொருளுடையது. கூடியதா குறைந்ததா என்பதையே அது சொல்லவில்லை! திரையோ, தேவையான அளவில் சிறு பகுதிதான் சென்றிருக்கிறது என்று காட்டியது. அந்த இயந்திரத்தில் இதுபோன்ற சிறிய செயலிழப்புகள் ஒரு நாளில் பல தடவை வருவது வழமை. ஒரு எழுத்தை அழுத்தினால் ‘தொடர்க’ என்று அது தொடரும். அவரும் வழமைபோல அழுத்தினார். நோயாளர் இரண்டாம் தடவையும் தாக்கப்பட்டார். உள்ளே அவர் துடித்ததை வெளியே இருந்தவரால் அறிய முடியவில்லை. அன்று ஒலித்தொடர்பும் காட்சித்தொடர்பும் வேலை செய்யவில்லை. 180 ராட் பெறவேண்டிய அவர் பெற்றது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கலாம் எனப் பின்னர் கணக்கிடப்பட்டது. ஐந்து மாதங்களில் அவர் இறந்தார். அடுத்த ஏப்ரலில் அதே வைத்தியசாலையில், அதே இயந்திரத்தில், அதே 54. இம்முறை நோயாளர் ஒரு மாதத்துக்குள் இறந்தார். பின்னர் அந்த வைத்தியசாலையின் பௌதிகவியலாளரும் அந்த இயக்குநரும் சேர்ந்து, தட்டச்சின் வேகமே காரணம் என்பதைத் திரும்பத் திரும்பச் செய்துபார்த்துக் கண்டுபிடித்தனர்.

மூல வழு நிரலில் இருந்தது உண்மை. ஆனால் திரையில் ‘செயலிழப்பு 54’ என்பதற்குப் பதிலாக, ‘கற்றையின் அளவு பொருந்தவில்லை. நோயாளர் அதிக கதிர்வீச்சுப் பெற்றிருக்கலாம். தொடர வேண்டாம், உள்ளே சென்று பாருங்கள்’ என்று இருந்திருந்தால்? குறைந்தபட்சம் அந்த இரண்டாவது அழுத்தல் நடந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன். அடிக்கடி வந்து ஒன்றும் நேராமற் போகும் எச்சரிக்கை, எச்சரிக்கையாக இருப்பதை நிறுத்திவிடுகின்றது. இதற்கும் நாம் எல்லாவற்றிற்கும் ‘சரி, சரி’ என்று அழுத்திப் பழகியிருப்பதற்கும் அதிக தூரமில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தேசிய அடையாள அட்டை இலக்கம் கேட்கும் ஒரு படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டைகளில் 9 இலக்கங்களும் கடைசியில் ‘வீ’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் 12 இலக்கங்கள், எழுத்து இல்லை. ஒரு வீட்டில் பெற்றோரிடம் பழைய அட்டையும் பிள்ளைகளிடம் புதிய அட்டையும் இருப்பது மிகச் சாதாரணம். படிவத்தில் ஓர் உம்மா தன் பழைய இலக்கத்தை இடுகிறார். சிவப்பில் வருகிறது: ‘செல்லுபடியற்ற உள்ளீடு’.

இந்த இரண்டு சொற்களில் எத்தனை குறைகள்! எந்தப் பெட்டியில் என்று சொல்லவில்லை. என்ன குறை என்று சொல்லவில்லை. என்ன செய்யவேண்டும் என்று சொல்லவில்லை. ‘உள்ளீடு’ என்பது நமக்குப் பாடச்சொல். அவருக்கு அது ஒன்றுமில்லை. ‘செல்லுபடியற்ற’ என்றதும் தன் அடையாள அட்டையே காலாவதியாகிவிட்டதோ என்று அவர் பயப்படுவார். அதற்குப் பதிலாக அந்தப் பெட்டிக்கு நேர் கீழே, ‘அடையாள அட்டை இலக்கத்தில் 12 இலக்கங்கள் வேண்டும், நீங்கள் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் இட்டுள்ளீர்கள்’ என்று எழுதலாம். இது எவ்வளவோ மேல். அதிலும் மேலான ஒரு வழி உண்டு: செய்தியே வராமற் செய்வது. பழைய இலக்கத்தைப் புதியதாக்குவது கடினமன்று. பழையதில் முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது (பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும்). முன்னால் 19 சேர்த்து, அந்த ஐந்து இலக்கங்களின் பின் ஒரு பூச்சியம் இட்டு, எழுத்தை விட்டுவிட்டால் 12 இலக்கம் வந்துவிடும். உயர்தர மாணவி ஒருவர் பைதன் மொழியில் பத்து நிமிடத்தில் எழுதிவிடக்கூடிய கணக்கு இது. இயந்திரத்தால் இவ்வளவு எளிதாகச் செய்யக்கூடியதை மனிதரைச் செய்யச்சொல்லிவிட்டு, செய்யாவிட்டால் சிவப்பு மையால் கண்டிப்பது நியாயமா?

அமெரிக்காவில் வாழும் டென்மார்க்கியரான ஜேக்கப் நீல்சன் 1994இல் வெளியிட்ட பத்து இடைமுக விதிகளில் இவ்விரண்டும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. ஒன்று, தவறு நேராமலே தடுப்பது. மற்றது, நேர்ந்துவிட்டால் அதை எளிய மொழியில் சொல்லி, மீளும் வழியையும் காட்டுவது. முப்பது வருடங்கள் கடந்தும் நாம் நாள்தோறும் காணும் படிவங்கள் பல இவ்விரண்டிலும் சித்தியடைவதில்லை.

பெயர்ப் பெட்டிகள் தனிக்கதை. ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு பெட்டி, இரண்டும் கட்டாயம். மேலைநாட்டுப் பெயர்களை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை இவை. நமது பெயர்களில் முன்னெழுத்துகள் நான்கைந்து இருக்கும்; தந்தையின் பெயர் முன்னால் வரும்; பலருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லை. ஆகவே ஒரே மாணவி ஒரு படிவத்தில் தந்தையின் பெயராலும் இன்னொன்றில் தன் பெயராலும் அழைக்கப்படுவாள். பிறகு சான்றிதழும் கடவுச்சீட்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று சத்தியக்கடதாசி முடிக்க அலைய வேண்டும். ‘முழுப்பெயர், பிறப்புச் சான்றிதழில் உள்ளவாறு’ என்று ஒரே பெட்டி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

தமிழில் பெயர் எழுதும்போது இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘பாத்திமா’ என்ற பெயரில் எத்தனை எழுத்து? பா, த், தி, மா என்று நான்கு என்பார் தமிழாசிரியர். யூனிகோட் முறையில் கணினி எட்டு என்று எண்ணும். ப ஒன்று, அதன் கால் ஒன்று, த ஒன்று, புள்ளி ஒன்று என்று ஒவ்வொன்றும் அதற்குத் தனித்தனி. எனவே ‘பெயர் 20 எழுத்துக்கு மேற்படக் கூடாது’ என்று ஒரு படிவம் மறுக்கும்போது, பதினொரு எழுத்துப் பெயருடைய பிள்ளை விரல்விட்டு எண்ணிப் பார்த்துக் குழம்பிப்போவாள். அவள் எண்ணியதும் சரி, கணினி எண்ணியதும் சரி. எல்லையை வகுத்தவர் தமிழை நினைக்கவில்லை என்பதே விடயம்.

ஒரு நல்ல படிவம் முதலிலேயே பேசிவிடும். கடவுச்சொல்லில் இலக்கம் வேண்டும், பெரிய எழுத்து வேண்டும் என்றால் பெட்டியின் அருகில் முன்கூட்டியே சொல்லவேண்டும். ஐந்து தடவை மறுத்து, தடவைக்கு ஒன்றாக நிபந்தனைகளைக் கழற்றிக் காட்டுவது விடுகதையாகும். 03/04/2008 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்ற சந்தேகம் எழாமல் மாதத்தைப் பெயராலேயே தெரிவுசெய்ய விடவேண்டும். பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல் எழுத்தாலும் காட்டவேண்டும்; சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இணையத்தள அணுகல்தன்மை தொடர்பாக 2008இல் வெளியான சர்வதேச வழிகாட்டலிலும் இது விதியாக உள்ளது. எல்லாவற்றிலும் முக்கியமாக, ஒரு பெட்டியில் பிழை இருந்தால் மற்றப் பத்தொன்பது பெட்டிகளையும் வெறுமையாக்கிவிடக் கூடாது. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் ஒரு விண்ணப்பத்தை மூன்று தடவை முழுமையாக நிரப்பினார்கள். மூன்றாம் தடவை உம்மா சொல்லச்சொல்ல மகள் தட்டினாள். வாப்பா நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவுநேரத்துக்கு நான்கு நிமிடம் இருக்கையில் அது போய்ச் சேர்ந்தது.

ஒன்றை இங்கு சொல்லியாக வேண்டும். எல்லா இடத்திலும் முழு விபரமும் சொல்வது நல்லதன்று. கணக்கொன்றினுள் நுழையும்போது ‘பாவனைப் பெயர் அல்லது கடவுச்சொல் பிழை’ என்று மட்டும் வரும். இரண்டில் எது பிழை என்று சொன்னால், வேறொருவர் பெயரை வைத்து முயற்சி செய்யும் திருடனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஆகவே அங்கு மழுப்புவது வேண்டுமென்றே செய்வது. அதுபோல, தெளிவாகவும் பயமுறுத்தியும் பேசும் செய்தி எல்லாம் உண்மையானதும் அன்று. ‘24 மணித்தியாலத்தில் உங்கள் கணக்கு முடக்கப்படும், இந்த இணைப்பை அழுத்தி இரகசிய இலக்கத்தைத் தரவும்’ என்று வருபவை மோசடிக்காரர்கள் எழுதும் வழுச்செய்திகள். ஒரே தடவை பாவிக்கும் அந்த இலக்கத்தை எந்த வங்கியும் நம்மிடம் கேட்பதில்லை. பெற்றோர் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

‘உறுதியாகவா?’ என்று கேட்கும் பெட்டிகள் பாதுகாப்புத் தருமென்று நாம் நம்புகிறோம். 2020 ஓகஸ்டில் நியூயோர்க்கின் சிற்றி வங்கியில் நடந்ததைப் பாருங்கள். ரெவ்லொன் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருந்தோருக்கு வட்டியாகச் சுமார் 78 இலட்சம் டொலரை அனுப்பவேண்டியிருந்தது. வங்கியின் மென்பொருளில் அதைச் செய்வதற்கு, முழுக்கடனையும் அடைப்பதுபோல் பதிந்து, முதல் தொகை வெளியே போகாமல் வங்கியின் உட்கணக்கொன்றுக்குத் திருப்பிவிட வேண்டும். படிவத்தில் மூன்று பெட்டிகள் இருந்தன: ‘முதல்’, ‘முன்’, ‘நிதி’ என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்கள். முதல் தொகையை நிறுத்த ‘முதல்’ என்ற பெட்டியில் மட்டும் அடையாளமிட்டால் போதும் என்றே யாரும் நினைப்பர். உண்மையில் மூன்றிலும் இட்டிருக்க வேண்டும். ஒருவர் பதிந்தார், இன்னொருவர் சரிபார்த்தார், மூன்றாமவர் அங்கீகரித்தார். மூவருமே அப்படித்தான் நினைத்தனர். இறுதியில் மென்பொருள் எச்சரிக்கையும் செய்தது: பணம் வங்கியை விட்டு வெளியே அனுப்பப்படும், தொடரவா? வட்டி எப்படியும் வெளியேதானே போகவேண்டும்! ‘ஆம்’ என்றனர். சுமார் 89 கோடி 40 இலட்சம் டொலர் போய்விட்டது.

அந்த எச்சரிக்கையில் தொகை எவ்வளவு என்பது இல்லை. ‘89 கோடி 40 இலட்சம் டொலர் வெளியே செல்லும்’ என்று இருந்திருந்தால் மூவரில் ஒருவராவது கதிரையை விட்டு எழுந்திருப்பார். சிலர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தனர். சுமார் 50 கோடி டொலரைக் கொடுக்கச் சிலர் மறுத்தனர். 2021 பெப்ரவரியில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. ஒரு படிவத்தின் மூன்று பெட்டிகளுக்காக இரண்டு வருட வழக்கு.

ஆகவே ‘உறுதியாகவா?’ என்று கேட்பதைவிட, என்ன நடக்கப்போகிறது என்பதைச் சொல்லிக் கேட்பது நல்லது. அதையும்விட நல்லது, செய்ததை மீட்க அவகாசம் தருவது. ஜிமெயிலில் மடலை அனுப்பியபின் 5 முதல் 30 விநாடி வரை அதை நிறுத்தலாம். உண்மையில் மடல் போய்த் திரும்புவதில்லை. அந்த விநாடிகளுக்கு அது அனுப்பப்படாமல் காத்திருக்கின்றது. அனுப்பியவுடனேதான் பிழை கண்ணிற் படும் என்ற மனித இயல்பை அறிந்து செய்த வேலை. பொத்தான்களில் ‘ஆம்’, ‘இல்லை’ என்பதற்குப் பதிலாக ‘அழித்துவிடு’, ‘வைத்திரு’ என்று வினையையே எழுதுவதும் அவ்வாறே உதவும். ‘விண்ணப்பத்தை ரத்துச் செய்யவா?’ என்ற கேள்விக்குக் கீழே ‘சரி’, ‘ரத்து’ என்று இரு பொத்தான்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் எதை அழுத்துவது?

அமைப்புகள், அதாவது நாம் ‘செட்டிங்ஸ்’ என்று சொல்லும் பகுதி, வேறு வகையான சிக்கல். வழுச்செய்தி நம்மைத் தேடி வரும். அமைப்புகளை நாம் தேடிப் போகவேண்டும். பெரும்பாலானோர் போவதேயில்லை. ஆகவே தயாரித்தவர் எதை இயல்புநிலையாக வைத்தாரோ அதுவே நம் வாழ்க்கை முடிவாகிவிடுகின்றது. நம்மைப் போன்ற பெண்பிள்ளைகளுக்கு இது வெறும் வசதிப் பிரச்சினையன்று. வட்ஸ்அப்பில் நமது படத்தை எல்லோரும் பார்க்கலாமா, நம் தொடர்பிலுள்ளோர் மட்டுமா, எவருமே பார்க்கக்கூடாதா. நாம் கடைசியாக எப்போது பார்த்தோம் என்பது யாருக்குத் தெரியலாம். யார் வேண்டுமானாலும் நம்மைக் குழுவில் சேர்க்கலாமா என்பனவெல்லாம் தனியுரிமைப் பகுதியினுள் இருக்கின்றன. குழு பற்றிய தெரிவு 2019இல்தான் வந்தது. அதற்கு முன் நம் இலக்கம் தெரிந்த எவரும் நம் அனுமதியின்றியே நம்மைச் சேர்த்துவிடலாம். இந்தப் பகுதியில் எழுதியிருப்பவை ஓரளவு தெளிவானவை என்றே சொல்வேன்: ‘யார் பார்க்கலாம்?’ என்று கேட்டு, மனிதர்களைக் குறிக்கும் சொற்களிலேயே விடைகளைத் தருகின்றது. தாயும் மகளும் சேர்ந்திருந்து ஒரு தடவை பார்த்துவிடுவது பத்து நிமிட வேலை.

எல்லாச் செயலிகளும் அவ்வளவு நேர்மையாகக் கேட்பதில்லை. ‘விளம்பரங்களை அனுப்பாதிருப்பதை நிறுத்த வேண்டாமெனில் அடையாளமிடவும்’ என்ற பாணியில் எழுதப்பட்டதை வாசித்து விளங்க இலக்கண ஆசிரியர்தான் வேண்டும். இதில் சில கவனயீனத்தால் நேர்பவை. சில நாம் குழம்பவேண்டும் என்றே எழுதப்படுபவை. ‘விளம்பரங்களை அனுப்புக’ என்று நேராக எழுதி, அடையாளமிட்டால் ஆம், இடாவிட்டால் இல்லை என்று வைப்பதற்கு எந்தத் தொழினுட்பமும் தேவையில்லை.

மொழித் தெரிவும் இங்கேதான் இருக்கின்றது. யாராவது விளையாட்டாகத் தொலைபேசியின் மொழியைச் சீனத்துக்கு மாற்றிவிட்டால் திரும்பி வருவது எப்படி? பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்திலேயே எழுதப்பட்டிருந்தால், சீன எழுத்துகளின் நடுவே ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்தைக் கண்டு பிடித்துக்கொள்ளலாம். தமிழ் என்பதையும் சீனத்திலேயே எழுதிவைத்தால் வழி அடைபட்டுவிடும். இதனை முதலில் யோசித்தவர் யாரோ, அவருக்கு நன்றி.

இத்துறையில் நல்ல மாற்றங்களும் நிகழ்கின்றன. நாம் படிக்கும் பைதனிலேயே ஓர் உதாரணம். அடைப்புக்குறியொன்றைத் திறந்து மூட மறந்தால், முன்பு அது அடுத்த வரியைச் சுட்டிக்காட்டிப் ‘பிழையான தொடரியல்’ என்று மட்டும் சொல்லும். சுட்டிய வரியில் ஒரு பிழையும் இராது, தேடுபவர் சோர்ந்துபோவார். 2021 ஒக்டோபரில் வெளிவந்த 3.10ஆம் பதிப்பிலிருந்து, திறந்த அடைப்புக்குறியையே காட்டி, ‘இது மூடப்படவில்லை’ என்கிறது. மாறியொன்றின் பெயரை எழுத்துப்பிழையுடன் எழுதினால், ‘நீங்கள் கருதியது இதுவா?’ என்று அருகிலுள்ள பெயரை நினைவூட்டுகின்றது. மொழியின் விதிகள் மாறவில்லை, செய்தியின் சொற்கள்தான் மாறின. புதிதாகப் படிப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை நம் ஆய்வுகூடத்தில் இரண்டு பதிப்புகளிலும் வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

நாமும் பாடத்துக்காக நூலக முறைமை, கடை முறைமை என்று சிறு மென்பொருள்கள் செய்கின்றோம். அவற்றிலும் வழுச்செய்திகள் இருக்கின்றன. புள்ளி இடுபவர் பார்ப்பார் என்பதற்காக ஆங்கிலத்தில் இரண்டு சொல் எழுதிவிட்டுப் போகிறோம். எழுதியபின் அச்செய்தியை வீட்டிலுள்ள ஒருவரிடம் வாசித்துக் காட்டி, ‘இப்ப நீங்க என்ன செய்வீங்க?’ என்று கேட்டுப் பார்க்கலாம். மூத்தம்மாவைவிடச் சிறந்த பரிசோதகர் கிடையாது. அவர் விளங்காததை விளங்கியதாகச் சொல்லமாட்டார்.

தமிழில் எழுதும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்றுண்டு. நம் திரைகளில் வரும் தமிழ் பெரும்பாலும் ஆங்கிலத்தின் நிழல். ‘உங்கள் கோரிக்கை செயன்முறைப்படுத்தப்பட முடியவில்லை’ என்பது போன்றவை தமிழெழுத்தில் இருந்தாலும் தமிழரின் வாயில் வராதவை. அதனாற்றான் தமிழ் தெரிந்தவர்களும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். குறுஞ்செய்தியாக அனுப்பும்போது இடமும் குறைவு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழிலோ யூனிகோட் கணக்கில் 70 மட்டுமே. புள்ளியும் காலும் கொம்பும் அதற்குள் அடக்கம். அதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகப் பிரிந்து, இரண்டுக்கும் கட்டணம் விழும்.

வங்கியிலிருந்து பணம் அனுப்புவது இடையில் தடைப்பட்டால் ஒருவர் அறிய விரும்புவது மூன்று விடயங்கள்: போனதா, என் கணக்கில் குறைந்ததா, இனி என்ன செய்வது. 70க்குள் இதை அடக்க முடியுமா என்று ஒரு தாளில் முயன்று பார்த்தேன். ‘பணம் அனுப்பப்படவில்லை. மீதியில் மாற்றமில்லை. மீண்டும் அனுப்பலாம்.’ புள்ளி, கால், கொம்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து எண்ணினால் 65 வருகிறது.